நம்மவருக்கே வாக்கா?

தேர்தல் காலம் நெருங்கிவிட்டால் நம் ஊர்களில் ஒரு சொல்லுக்குத் திடீரென்று மதிப்பு ஏறிவிடுகிறது. 'நம்மவர்' என்பதே அச்சொல். கடன் கேட்டு நிற்கும்போதும் வழக்கென்று வரும்போதும் நினைவுக்கு வராத உறவு, வாக்குக் கேட்கும் நாளில் மட்டும் வாசலில் வந்து ஸலாம் கூறுகிறது. 'நம்மவர் நிற்கிறார், நம் வாக்குகள் சிதறிவிடக் கூடாது' என்று தொழுகைக்குப் பின் ஒருவர் எழுந்து சொல்லுகிறார். அவையோர் தலையசைக்கின்றனர்.

இவ்வாறு தலையசைப்பது மார்க்கத்தின் பார்வையில் சரிதானா? பிறந்த குலத்தையும் தழுவிய சமயத்தையும் அளவுகோலாகக் கொண்டு வாக்களிப்பது கடமையா, ஆகுமானதா, தவறா? இவ்வினாவை நாம் பலரிடம் கேட்டதுண்டு. பலர் நம்மிடம் கேட்டதுமுண்டு. ஆயினும் இதனை நம் நெஞ்சில் தைக்கச் செய்தவர் கிதாபுகளைப் புரட்டிய ஆலிம் எவரும் அல்லர். பழவேற்காடு ஏரிக்கரையில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதிய மீனவரே ஆவார்.

தோணிரேவில் கேட்ட வினா

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெறவிருந்த சமயம். ஏரியை ஒட்டிய ஓர் ஊரின் ஜமாஅத்தார் கூடி, தம்முள் ஒருவரை வார்டு உறுப்பினர் பதவிக்கு நிறுத்த முடிவு செய்தனர். நம்மையும் அழைத்து, ஒற்றுமை குறித்துச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். நாமும் பேசினோம். அல்லாஹ்வின் கயிற்றை அனைவரும் சேர்ந்து பற்றிக்கொள்ளுமாறு திருமறை இடும் கட்டளையையும் எடுத்துக் கூறினோம். நிற்கவிருந்தவர் அப்பணிக்கு ஏற்றவர் அல்லர் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கல் வாங்கலில் அவர் சொல்லை நம்பி நொந்தவர்கள் அந்த அவையிலேயே இருந்தார்கள். ஆயினும் நாம் அது பற்றி வாய் திறக்கவில்லை. ஒற்றுமையைக் குலைத்தவர் என்னும் பெயர் நமக்கு வேண்டாமே என்று இருந்துவிட்டோம்.

சில நாட்களுக்குப் பின் ஒரு காரியமாகத் தோணிரேவுக்குச் சென்றிருந்தோம். தோணி வரும்வரை கரையில் காத்திருந்தபோது, அருகில் இருந்த முதியவர் பேச்சுக் கொடுத்தார். "உங்காளுங்க எல்லாம் சேந்து உங்க ஆளுக்கே போடணும்னு பள்ளியில முடிவு பண்ணிட்டீங்களாமே, பாய்?" என்று கேட்டார். ஆம் என்றோம். "நல்லது. எங்களுக்குப் பாடும் கிடையாது. நின்னு ஜெயிக்கிற அளவுக்குத் தலையும் கிடையாது. அவங்கவங்க அவங்கவங்க ஆளுக்குப் போட்டுக்கிட்டா, எங்க நியாயத்த யாரு பாய் கேப்பாங்க?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலவே கேட்டார். 'இறைவன் நல்லது செய்வான்' என்று ஏதோ சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினோம். அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நம் ஜமாஅத்து வேட்பாளர் வென்றார். நம் தெருவில் விளக்கு எரிந்தது. அடுத்த தெருவில் நெடுநாள் எரியவில்லை.

பாட்டு முறை புகட்டும் பாடம்

அம்முதியவர் 'பாடு' என்று சொன்னதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்குதல் வேண்டும். தோணிரேவு என்னும் பெயரில் தோணி தமிழ். ரேவு என்பது தெலுங்கில் படித்துறையைக் குறிக்கும் சொல். தமிழ்நாடும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரியின் கரையில் ஊர்ப் பெயரே இரு மொழிகளின் கூட்டாக இருப்பதில் வியப்பில்லை. போர்ச்சுக்கீசியர் வந்தனர். டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அரபு நாட்டுத் தொடர்புடைய நம் முன்னோர் வணிகம் செய்தனர். நம் பெண்மக்கள் ஓலை முடையும் கலையை இன்றும் காத்துவருகின்றனர். பட்டினவர் குப்பங்களும், வேதக்கோவில்களும், பள்ளிவாசல்களும், இருளர் குடிசைகளும் அடுத்தடுத்து அமைந்த நிலம் அது.

ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகள் சிலவே. அவற்றில் எவர் என்று வலை கட்டுவது என்பதைத் தீர்மானிக்க மீனவப் பெருமக்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடே பாட்டு முறை. உரிமையுள்ள குப்பங்கள் முறைவைத்து இறங்கும். குப்பத்துக்குள் தலைக்கட்டு தோறும் பங்கு உண்டு. நல்ல இடம் யாருக்கு, சுமாரான இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். செல்வர், வறியர் என்ற பேதமில்லை, தந்திரத்துக்கும் இடமில்லை. எந்தச் சட்டப் புத்தகமும் எழுதித் தராத இந்த நேர்மையைக் கண்டு வெளிநாட்டு ஆய்வாளரும் வியந்து எழுதியுள்ளனர்.

ஆனால் இம்முறைக்கு மறுபுறம் ஒன்று உண்டு. பாட்டு உரிமை குறிப்பிட்ட குலத்தாரின் குறிப்பிட்ட குப்பங்களுக்கே வழிவழியாக உரியது. அதற்கு வெளியே பிறந்தவர், அதே ஏரியை நம்பியே வாழ்பவராயினும், சிறு வலையாலும் வெறுங்கையாலும் பிடித்துப் பிழைக்க வேண்டியவரே. தமக்கும் பங்கு வேண்டுமென்று மற்ற ஊரார் கேட்டதும், அதனால் பூசல்கள் மூண்டதும் அண்மைக் காலச் செய்திகள்.

உள்ளே இருப்பவர்க்கு முழு நீதி. வெளியே நிற்பவர்க்குக் கதவடைப்பு. 'நம்மவர்' என்னும் சொல்லின் தன்மை முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அச்சொல்லால் ஆளப்படும் சமுதாயம் கொடியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. தன் வட்டத்துக்குள் அது மிக நேர்மையாகவும், கருணையோடும் நடந்துகொள்ளக் கூடும். அதனாலேயே, வட்டத்துக்கு வெளியே நிற்பவர் முகம் அதன் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அன்று பள்ளியில் நாம் பேசியபோதும் நடந்தது இதுவேயன்றோ?

நம்மவர் நிற்கவே இயலாத தொகுதி

இதில் சிந்திக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. பழவேற்காடு அடங்கிய பொன்னேரி சட்டமன்றத் தொகுதி பட்டியல் இனத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட ஒன்று. அதனைத் தன்னகத்தே கொண்ட திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் அவ்வாறே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஹிந்துக்களும், 1956இல் சேர்க்கப்பட்ட சீக்கியரும், 1990இல் சேர்க்கப்பட்ட பௌத்தருமே பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவர். ஆதலால் அங்கே ஒரு முஸ்லிம் வேட்பாளராக நிற்க இயலாது. பட்டியல் குலத்திற் பிறந்து கிறிஸ்துவத்தைத் தழுவிய குடும்பத்தாரும் நிற்க இயலாது. பட்டினவரும் நிற்க இயலாது.

இவ்வாணையில் சமய வேறுபாடு காட்டப்பட்டது நீதியா என்பது நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. நாம் இங்குச் சுட்ட விரும்புவது வேறொன்று. சட்டமன்றத் தேர்தல் தோறும் பழவேற்காட்டு முஸ்லிமும், பட்டினவரும், கிறிஸ்துவரும் தம் குலத்தையோ சமயத்தையோ சாராத ஒருவரைத்தான் எடைபோட்டுத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. அவர்களும் தேர்ந்து வந்திருக்கின்றனர். கட்சியைப் பார்க்கின்றனர், கூட்டணியைப் பார்க்கின்றனர், முகத்துவாரம் தூர்ந்து போவதற்கு என்ன செய்வார் என்று கேட்கின்றனர், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றி அவர் நிலை யாது என்று கேட்கின்றனர். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீரும் இறாலும் ஏரிக்குள் வருவது நின்றுவிடும். அப்போது பாடு உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி எல்லார் வீட்டு அடுப்பும் அணையும்.

நம்மவரே நிற்க இயலாத தேர்தலில் நாம் காரியத்தைப் பார்த்து வாக்களிக்கிறோம். நம்மவர் நிற்கும் வார்டுத் தேர்தலிலோ ஆளைப் பார்த்து வாக்களித்துவிடுகிறோம். எடைபோடும் ஆற்றல் நமக்கு இல்லாமல் இல்லை. வேண்டும்போது அதனை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம் என்பதே உண்மை.

நாம் கடந்து வந்த பாதை

நம் சமுதாயத்துக்கு இவ்வினா புதிதன்று. 1909ஆம் ஆண்டு மிண்டோ மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வழங்கியது. முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் வேட்பாளரையே தேர்ந்தெடுக்கும் அம்முறை நாடு விடுதலை பெறும்வரை நீடித்தது. அதனால் நமக்குக் குரல் கிடைத்தது என்பர் ஒரு சாரார். பிற சமயத்தார் நம் வாக்கைக் கேட்டு வரவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று என்பர் மறு சாரார். இரண்டும் உண்மையே. அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி நீடிக்க வேண்டுமென்று சென்னை மாகாணத்து முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வாதாடினர். பேகம் அய்ஜாஸ் ரசூல் அம்மையார் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அதற்கு மாறாகவும் பேசினர். இறுதியில் தனித் தொகுதி கைவிடப்பட்டது. சமயச் சிறுபான்மையினர்க்கான இட ஒதுக்கீடும் 1949இல் கைவிடப்பட்டது.

அதன் பின் நம் தலைவர்கள் கண்ட வழி கூட்டணி. 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அமைக்கப்பட்டது. அதன் தலைவரான காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் திருநெல்வேலிப் பேட்டையைச் சார்ந்த தமிழர். அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தவர். அவரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் மஞ்சேரித் தொகுதியின் மலையாள மக்கள். 1967இல் அறிஞர் அண்ணா அமைத்த கூட்டணியில் முஸ்லிம் லீக் இடம்பெற்றபோது, தமிழ்நாட்டு முஸ்லிம்கள் தம்மவர் அல்லாத எண்ணற்ற வேட்பாளர்க்கு வாக்களித்தனர். முஸ்லிம் அல்லாத எண்ணற்றோர் முஸ்லிம் வேட்பாளர்க்கு வாக்களித்தனர். 'நம்மவர்' என்னும் வட்டம் மஞ்சேரியில் மொழியைத் தாண்டியது. தமிழ்நாட்டில் சமயத்தைத் தாண்டியது. கல்லில் செதுக்கிய கோடாக நாம் எண்ணுவது உண்மையில் மணலில் வரைந்த கோடுதான்.

கடல் கடந்த கண்ணாடி

ஏரிக்கரையில் சிறிய அளவில் காண்பது ஒரு நாட்டின் அளவுக்குப் பெருகினால் என்னாகும்? இதனை அறிய மேற்கிந்தியப் பகுதியின் இரு நாடுகளைப் பார்க்கலாம். அவை நமக்கு முற்றும் அந்நியமல்ல. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க 1838 முதல் 1917 வரை கயானாவுக்கு ஏறத்தாழ 2,39,000 பேரும், 1845 முதல் டிரினிடாடுக்கு ஏறத்தாழ 1,44,000 பேரும் இந்தியாவிலிருந்து கப்பலேறினர். பெரும்பாலோர் கல்கத்தா வழிச் சென்றவர். சென்னைத் துறைமுகம் வழிச் சென்ற தமிழரும் தெலுங்கரும் 'மதராசிகள்' என்று அங்கே அழைக்கப்பட்டனர். 1845 மே 30 அன்று டிரினிடாடை அடைந்த முதற் கப்பலின் பெயரே அரபுப் பெயர்தான். வாழ்வாதாரம் அளிப்போனாகிய அர்ரஸ்ஸாக் என்னும் இறைநாமம் அதில் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கே முன்னரே இருந்தனர். ஒரே முதலாளியிடம் துன்புற்ற இரு கூட்டத்தார் அவர்கள்.

கயானாவில் 1953ஆம் ஆண்டு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தபோது, இந்திய வமிசத்தவரான செத்தி ஜகனும் ஆப்பிரிக்க வமிசத்தவரான ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் ஒரே கட்சியில் நின்று 24 இடங்களில் 18ஐ வென்றனர். இரு இனத்து ஏழைகளும் ஒன்றாக வாக்களித்தனர். பிரிட்டிஷ் அரசு 133 நாட்களில் அவ்வாட்சியைக் கலைத்தது. 1955இல் கட்சி பிளந்தது. அடுத்து வந்த தேர்தல்களில் 'ஆபன் ஜாத்' என்னும் முழக்கம் இந்தியரிடையே பரவிற்று. நம் ஜாதிக்கே வாக்கு என்பது அதன் பொருள். மறு தரப்பும் அவ்வாறே திரண்டது. 1962 முதல் 1964 வரை மூண்ட கலவரங்களில் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்றனர். அதன் பின் 1964 முதல் பர்ன்ஹாமும் அவர் கட்சியுமே ஆண்டனர். 1992இல்தான் நேர்மையான தேர்தல் வழியே ஆட்சி மாறியது. பிளவுக்கு ஏகாதிபத்தியச் சூழ்ச்சியும் காரணம் என்பதை வரலாறு மறைக்கவில்லை. ஆயினும் சூழ்ச்சிக்காரன் வீசிய தீப்பொறி பற்றிக்கொள்ள, உலர்ந்த ஓலையாக இருந்தது 'நம்மவர்' உணர்வேயாகும்.

டிரினிடாடில் இரத்தம் அவ்வளவாகச் சிந்தவில்லை. ஆனால் அங்கும் ஒரு கட்சி பெரும்பாலும் ஆப்பிரிக்க வமிசத்தாருடையதாகவும், மற்றது பெரும்பாலும் இந்திய வமிசத்தாருடையதாகவும் அமைந்துவிட்டது. 1995இல் இரு கட்சிகளும் 17 இடங்கள் பெற்றுச் சமமாக நின்றன. 2001இல் மீண்டும் 18க்கு 18 என்று நின்றன. நாடு இரு தட்டுகளும் அசையாத தராசு போலாயிற்று.

அங்குள்ள நம் சகோதரர்களின் நிலை கவனிக்கத்தக்கது. டிரினிடாடில் எரிக் வில்லியம்ஸ் அமைத்த கட்சி ஆப்பிரிக்க வமிசத்தார் மிகுந்தது. அதன் முன்னணித் தலைவருள் ஒருவராகவும் நெடுநாள் அமைச்சராகவும் விளங்கியவர் இந்திய வமிசத்து முஸ்லிமான கமாலுத்தீன் முஹம்மது. கயானாவிலோ, இந்திய வமிசத்து ஹிந்துக்கள் பேரளவில் ஆதரிக்கும் கட்சியின் சார்பில் 2020இல் குடியரசுத் தலைவரானவர் முஸ்லிமான இர்ஃபான் அலி. ஆக, ஓரிடத்தில் 'நம்மவர்' என்பது இரத்தம், ஓரிடத்தில் சமயம், ஓரிடத்தில் கட்சி. கோடு எங்கே விழுகிறதோ அங்கே விழுந்தபின், அது ஆதி முதல் இருந்ததைப் போலவே நமக்குத் தோன்றிவிடுகிறது.

மார்க்கத்தின் தீர்ப்பு

இனி மார்க்கம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். வாக்கு என்பது ஷரீஅத்தின் பார்வையில் யாது? முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்ற உலமாக்கள் அதனை மூன்று வகையில் விளக்கினர். அது ஷஹாதத், அதாவது 'இவர் தகுதியுடையவர்' என்று நாம் சொல்லும் சாட்சியம். அது ஷஃபாஅத், அதாவது இவருக்குப் பதவி தருக என்னும் பரிந்துரை. அது வகாலத், அதாவது நம் சார்பிலும் பிறர் சார்பிலும் செயற்பட ஒருவரை முகவராக்குதல். சாட்சியம் என்று கொண்டாலே போதும், வழி தெளிவாகிவிடும். நமக்கும் நம் பெற்றோர்க்கும் உறவினர்க்கும் பாதகமாக முடிந்தாலும் நீதிக்கே சாட்சி சொல்லுமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பும் நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. முன்னது பாசத்துக்குப் போட்ட கடிவாளம். பின்னது பகைக்குப் போட்ட கடிவாளம். தேர்தல் நாளில் நம்மை ஆட்டிவைப்பவை இவ்விரண்டுமேயல்லவா?

அன்றியும், அமானிதங்களை அவற்றுக்குரியவரிடம் ஒப்படைக்குமாறு அன்னிஸாவின் 58ஆம் வசனம் ஆணையிடுகிறது. மக்கா வெற்றியின்போது கஃபாவின் திறவுகோல் தொடர்பாக இது அருளப்பட்டது என்பர் விரிவுரையாளர். அத்திறவுகோலைத் தமக்குத் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொந்தக் குடும்பத்தாரே வேண்டினர். பெருமானாரோ அதனை முன்பு வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நபித்தோழர் அபூதர் (ரலி) பதவி கேட்டபோது, அவர் பலவீனர் என்றும், பதவி ஓர் அமானிதம் என்றும் கூறி மறுத்தார்கள். அபூதர் (ரலி) அவர்களை விட 'நம்மவர்' எவர் இருக்க முடியும்? அன்பு வேறு, தகுதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தவும் கூடுமோ?

அப்படியானால் தன் சமுதாயத்தை நேசிப்பதே குற்றமா? அன்று. இவ்வினாவை ஸஹாபாக்களே கேட்டுவிட்டார்கள். ஒருவன் தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று கேட்கப்பட்டபோது, ஆகாது என்றும், அநீதியில் தன் கூட்டத்தார்க்குத் துணை நிற்பதே அஸபிய்யத் என்றும் அண்ணலார் விளக்கியதாக இப்னு மாஜா தொகுப்பில் காண்கிறோம். அபூதாவூத் தொகுப்பில் ஓர் உவமை உண்டு. உண்மையல்லாத ஒன்றில் தன் கூட்டத்தார்க்கு உதவுபவன், கிணற்றில் விழுந்த ஒட்டகத்தை வாலைப் பிடித்துத் தூக்க முயல்பவனுக்கு ஒப்பாவான் என்பது அது. இழுப்பவனுக்குக் களைப்பு உண்டு. ஒட்டகத்துக்கோ மீட்சி இல்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 1377இல் முகத்திமாவை எழுதிய பேரறிஞர் இப்னு கல்தூன், அஸபிய்யத் என்னும் கூட்டுணர்வு இல்லாமல் எந்த ஆட்சியும் எழாது, எந்த அழைப்பும் வெல்லாது என்று நிறுவியிருக்கிறாரே என்று கற்றோர் கேட்பர். ஆம், உலகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் சொன்னார். அவ்வியக்கம் எங்கே நிறுத்தப்பட வேண்டும் என்பதைச் சொன்னவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆறு ஓடும் என்பது ஓர் அறிவு. கரை எங்கே வேண்டும் என்பது வேறோர் அறிவு.

அச்சம் என்னும் நியாயம்

இன்னொரு தடை இதனினும் வலியது. 'சிறுபான்மையினராகிய நாம் அச்சத்தோடு வாழ்கிறோம். 1992இல் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டதைக் கண்டோம். 2019இல் குடியுரிமையே சமயத்தைக் கொண்டு அளக்கப்பட்டதைக் கண்டோம். நாம் சேர்ந்து வாக்களிக்காவிட்டால் நம்மைக் கேட்பார் யார்?' என்பர் நம் இளைஞர். இதனை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வலியவன் தன் இனத்தைச் சேர்த்துக்கொள்வதும், நலிந்தவன் அநீதிக்கு அஞ்சித் தன்னினத்தோடு ஒட்டி நிற்பதும் ஒன்றல்ல.

ஆயினும் அச்சத்தால் சேர்பவரும் எதற்காகச் சேர்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நபித்துவத்துக்கு முன் மக்காவில், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. யமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளுக்கு விலை தராமல் குறைஷிப் பெரியவர் ஒருவர் ஏமாற்றிவிட்டதே அதற்குக் காரணம். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும், அவர் உரிமையைப் பெற்றுத் தரும் வரை அவர் பக்கமே நிற்பதாகக் குறைஷியரில் சில குடும்பத்தார் உறுதி பூண்டனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் கலந்துகொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்று கூறினார்கள். அவ்வணிகர் அவர்கள் குலத்தார் அல்லர்; ஊராரும் அல்லர். ஏமாற்றியவரே தம் குலத்தார். ஆயினும் வெளியாருக்காகத் தம்மவரை எதிர்த்து ஒன்றுகூடினர்.

நாம் ஒன்றுகூடுவதும் இவ்வகையினதாக இருக்குமாயின் அஃது இபாதத்துக்கு ஒப்பாகும். நமக்கு இழைக்கப்படும் அநீதியைத் தடுக்கச் சேர்வோம். அதே சேர்க்கையின் வலிமையை, பாடு இல்லாத மீனவருக்காகவும் செலவிடுவோம் என்றால் அது நீதியின் அணி. நம் அநீதிக்கு மட்டும் அழுது, அண்டை வீட்டார் அநீதிக்குத் தோணி ஏறிப் போய்விடுவோமாயின் அது வெறும் கூட்டம்.

இல்லங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும்

தேர்தலில் சமயத்தையோ, இனத்தையோ, ஜாதியையோ, மொழியையோ சொல்லி வாக்குக் கேட்பதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு முறைகேடு என்கிறது. வேட்பாளரின் சமயம் மட்டுமன்றி, வாக்காளரின் சமயத்தைக் காட்டிக் கேட்பதும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 2 அன்று, நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் மேடையைக் கட்டுப்படுத்தும், மனத்தைக் கட்டுப்படுத்தாது. வாக்குச் சாவடியின் மறைப்புக்குள் நம்மோடு இருப்பவன் அல்லாஹ் ஒருவனே. சட்டம் நிற்கும் இடத்திலிருந்து தக்வா நடக்க வேண்டும்.

ஆதலின் சில கருத்துகளை நம் குடும்பங்களின் முன் வைக்கிறோம். ஜமாஅத் ஆலோசனை கூறலாம். ஊரின் தேவைகளை எடுத்துரைக்கலாம். வேட்பாளர் அனைவரையும் அழைத்துக் கேள்வி கேட்கலாம். வாக்கைக் கட்டுப்படுத்தலாகாது. சத்தியம் வாங்குதலும், மீறியவரை விலக்கி வைத்தலும் சாட்சியைக் கட்டாயப்படுத்துவதாகும். பணம் வாங்கிச் சொல்லும் சாட்சியம் லஞ்சம் என்பதை விளக்கவும் வேண்டுமோ? பெண்களின் வாக்கு அவர்களுடைய சாட்சியம். பெருமானார் (ஸல்) பெண்களிடம் தனியே பைஅத் பெற்றார்கள். கணவர் கொடுத்த பைஅத்தே போதும் என்று விட்டுவிடவில்லை. மனைவியின் விரலுக்குக் கணவன் கட்டளையிடுவது முறையன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவர் ஒருவர் நிற்கும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. இவர் நம் பெயர் தாங்காமல், வேறொரு குலத்தில், வேறொரு சமயத்தில் பிறந்து, இதே குணத்தோடும் இதே கணக்கு வழக்கோடும் வந்து நின்றிருந்தால் இவருக்கு நாம் வாக்களிப்போமா? ஆம் என்றால் தயங்காமல் அளிப்போம். நம்மவர் என்பது கூடுதல் மகிழ்ச்சி. இல்லை என்றால், நாம் அளிக்கப்போவது பொய்ச் சாட்சியம். நபிகள் நாயகம் (ஸல்) பெரும் பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்தது பொய்ச் சாட்சியத்தை.

அன்று நம் பள்ளியில் அவ்வினாவை நாம் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை. நம் பேச்சை நம்பி வாக்களித்தோரின் சாட்சியத்துக்கும் நாமே பொறுப்பாளி என்னும் எண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது. அடுத்த முறை ஜமாஅத் கூடும்போது, ஒற்றுமை பற்றிப் பேசுமுன் தோணிரேவு முதியவரின் வினாவை அவையில் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். எங்க நியாயத்த யாரு கேப்பாங்க என்று அவர் கேட்டார். அதற்கு விடை சொல்லக்கூடிய வேட்பாளர் எவரோ அவரே நமக்கும் உரியவர். அவர் தொப்பி அணிந்தவரா, சிலுவை அணிந்தவரா, திருநீறு அணிந்தவரா என்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி சொல்லும் துணிவை அல்லாஹ் நம் அனைவர்க்கும் நல்குவானாக! ஆமீன்.